குவியல் எப்போது கார் ஆகிறது?

மகளுக்குத் தலைப்பிரசவம். நானும் மனைவியும் ஆறு மாத விசாவில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துக்குப் போயிருந்தோம். பிரசவ வீட்டில் அம்மாக்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அப்பாக்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. பத்தியச் சமையல், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுதல், சாம்பிராணி என்று எதிலும் நான் தேவைப்படவில்லை. யாருக்கும் குறுக்கே நிற்காமல் இருப்பதே பெரிய உதவி என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் மாதம். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில் மட்டும் இரவு ஒன்பது மணி வரை டியூப்லைட் எரியும். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம், ஒரு ரேடியோ, நடுநடுவே யாரையோ திட்டுகிற மாதிரி ஒரு முனகல். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தேன். "டீ குடிக்கிறீங்களா?" என்றார் அந்தப் பெரியவர்.

எழுபதைத் தாண்டியவர். ஊரின் கார் தொழிற்சாலைகளில் டூல் ரூம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்போர்ட்ஸ் கார் கட்டிக்கிட்டிருக்கேன்" என்றார், ஏதோ திண்ணை கட்டுகிற மாதிரி. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். கார் எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு மரமுக்காலிகள்மேல் கயிறு பின்னாத கட்டில் போல ஓர் இரும்புச் சட்டம் கிடந்தது. மூலையில் பழைய பெட்ஷீட் போர்த்திய எஞ்ஜின். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் பேப்பர் டேப்பில் எழுதிய பெயர். கூரையிலிருந்து ஃபைபர் கிளாஸில் வார்த்த ஒரு மூக்கு, கோயில் வாகன மண்டபத்தில் குதிரையின் முகத்தை மட்டும் கழற்றி மாட்டியதுபோல் தொங்கியது. நாளைக் காலை குடிமாறப் போகிற வீட்டின் கூடத்துக்குள் நுழைந்துவிட்டதாகத் தோன்றியது.

"இதில் கார் எங்கே?" என்றேன்.

"எல்லாம் இங்கேதான் இருக்கு. ஒன்னு சேரலை, அவ்வளவுதான்."

அப்போது டீ டிரேயோடு வந்த அவருடைய மனைவி சொன்னார்: "மூணு வருஷமா இதே பதிலைத்தான் எனக்கும் சொல்றார்."

வரி கட்டாத சாமான்

குவியல் எப்போது கார் ஆகிறது என்ற கேள்வியில்தான் இந்தப் பொழுதுபோக்கே பிறந்தது. கேட்டது மனைவிமார் அல்ல, வரி அதிகாரிகள். 1940இல், போர்க்காலத்தில், பிரிட்டனில் 'பர்ச்சேஸ் டாக்ஸ்' என்றொரு வரி வந்தது. போர் முடிந்தது, வரி முடியவில்லை. எந்த ஊரில்தான் முடிந்திருக்கிறது? முழுக் காராக வாங்கினால் இந்த வரியைக் கட்ட வேண்டும். அதே காரைத் தனித்தனிச் சாமானாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கட்ட வேண்டாம். சட்டத்தின் கண்ணுக்கு அது கார் இல்லை.

இந்த ஓட்டைக்குள் புகுந்து புறப்பட்டவர்களில் பெரிய ஆள் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன். 1948இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது, காதலி ஹேஸல் வீட்டின் பின்னாலிருந்த ஷெட்டில் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டினார். 1952இல் கம்பெனி தொடங்க 25 பவுண்டு கடன் கொடுத்தவரும் அதே ஹேஸல்தான். பிறகு அவரையே கல்யாணம் செய்துகொண்டார், ஆகவே கடன் திரும்பியதா என்பது குடும்ப விஷயம். தொடக்க காலப் பட்டறை, சாப்மனின் அப்பா நடத்திய ஹோட்டலுக்குப் பின்னால், வடக்கு லண்டன் ஹார்ன்ஸியில் இருந்த பழைய குதிரை லாயம்.

1957இல் லோட்டஸ் செவன் வந்தது. கதவு கிடையாது. ஆணி அடித்த பெட்டி மாதிரி ஓர் அலுமினிய உடம்பு, முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு விளக்குகள், உடம்பை விட்டுத் தள்ளி நிற்கும் சக்கரங்கள். எஞ்ஜின், ஃபோர்டின் சாதாரண 1172 சிசி, 40 குதிரைத்திறன். முழுக் காராக வாங்கினால் வரியோடு 1,036 பவுண்டு. சாமானாக வாங்கினால் 536. ஏறத்தாழ சரிபாதி. ஒரு ஸ்பேனர் செட்டும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் 500 பவுண்டு மிச்சம்.

அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சாமானோடு, எப்படிப் பூட்டுவது என்ற குறிப்பைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வரி விழும் என்று ஒரு விதி இருந்ததாம். சாப்மன் பூட்டும் குறிப்பைக் கொடுக்கவில்லை. பிரிக்கும் குறிப்பைக் கொடுத்தார். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொண்டே போனால் போதும். உண்மையோ பொய்யோ, கதை சாப்மனுக்கு அச்சாகப் பொருந்துகிறது. வாழ்நாள் முழுக்க விதிப் புத்தகத்தைப் பின்னாலிருந்து படித்த மனிதர் அவர்.

அவர் மட்டும் இல்லை. பிளாக்பூலில் டிவிஆர், வால்க்லெட் சகோதரர்களின் ஜினெட்டா, மார்கோஸ் என்று ஒரு கூட்டமே இந்த வழியில் கார் விற்றது. எனக்கு ரொம்பப் பிடித்தது வேல்ஸ் நாட்டு கில்பர்ன். கைல்ஸ் ஸ்மித் என்ற கசாப்புக் கடைக்காரரும், போர்க்கைதியாக வந்து அங்கேயே தங்கிவிட்ட பெர்னார்ட் ஃப்ரீஸே என்ற ஜெர்மானியரும் சேர்ந்து தொடங்கியது. இருவர் பெயரின் முன்பாதியையும் ஒட்டினால் கில்பர்ன். அவர்கள் செய்தது அசல் கார், சும்மா பொம்மை இல்லை.

1973இல் பர்ச்சேஸ் டாக்ஸ் ஒழிந்து, வாட் வரி வந்தது. சாமானுக்கும் வரி, காருக்கும் வரி. ஓட்டை அடைபட்டதும் அந்தக் கூட்டத்தில் பலரும் காணாமல் போனார்கள். கில்பர்னும் போனது. லோட்டஸுக்கும் செவன் அலுத்துவிட்டது. சாப்மனின் கண் அதற்கு முன்பே பெரிய கார்கள் பக்கமும் ஃபார்முலா ஒன் பக்கமும் திரும்பிவிட்டது. சரே மாவட்டத்தின் கேட்டரம் ஊரில் லோட்டஸ் டீலராக இருந்த கிரஹாம் நியர்ன், செவனைச் செய்யும் உரிமையை அதே 1973இல் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அது கேட்டரம் செவன். 1967இல் பிரிட்டிஷ் டிவியில் வந்த 'தி பிரிஸனர்' தொடரில் கதாநாயகன் பாட்ரிக் மக்கூஹன் ஓட்டியது இந்தக் கார்தான். அந்தத் தலைமுறை இளைஞர்கள் பலருக்குச் செவன் பித்துப் பிடித்ததே அந்தத் தொடரால். எங்கள் பெரியவருக்கும் அப்படித்தான்.

வரி லாபம் போய் அரை நூற்றாண்டு ஆகிறது. கேட்டரம் இப்போது ஜப்பானின் விடி ஹோல்டிங்ஸ் கையில் இருக்கிறது. அதற்கு முன் பத்து வருடம் ஏர் ஏஷியா டோனி ஃபெர்னாண்டஸ் கையில் இருந்தது. கார் இன்றும் வீட்டில் பூட்டிக்கொள்ளும் சாமானாகவும் வருகிறது. பணம் மிச்சமாகாத பிறகும் ஜனங்கள் ஏன் பெட்டி பெட்டியாக வாங்கிக் குளிரில் உட்கார்ந்து பூட்டுகிறார்கள்? வரி ஒரு சாக்கு என்றுதான் நினைக்கிறேன். பிரித்துப் பூட்டும் ஆசை முதலில் இருந்தது, பிறகுதான் வரி வந்து அதற்கு ஒரு நியாயம் சொல்லிக் கொடுத்தது.

கேட் செய்கிற பைப்

இன்னொரு வகையினர் உண்டு. சாமான்கூட வாங்காதவர்கள். இவர்களுக்கு வேதப் புத்தகம் 1996இல் ஹேன்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. எழுதியவர் ரான் சாம்பியன், ஆவுண்டில் பள்ளிக்கூடத்து வாத்தியார். வெறும் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டி அதில் பந்தயமும் ஓட்டலாம் என்பதே புத்தகத்தின் தலைப்பு. செவனைப் பார்த்து அவர் வரைந்த அந்தக் காருக்கு 'லோகாஸ்ட்' என்று பெயர் வந்துவிட்டது. செலவு குறைவு என்பதைச் சேர்த்து எழுதினால் அந்தப் பெயர்.

அதன் சேசிஸுக்கு வேண்டியது 1 இஞ்ச் சதுர இரும்பு பைப், 16 கேஜ். நம் ஊர் வெல்டிங் பட்டறைகளில் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் அறுக்கிற அதே பைப்! அளந்து அறுத்து, முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்துப் பற்றவைத்தால் ஒரு கூண்டு கிடைக்கும். முக்கோணம்தான் சூட்சுமம். நாலு பைப்பைச் சதுரமாகப் பற்றவைத்து மூலையைப் பிடித்துத் தள்ளினால் கோணிக்கொள்ளும். குறுக்கே ஒன்று வைத்தால் அசையாது. கூண்டின்மேல் அலுமினியத் தகட்டைப் பசையும் ரிவெட்டும் போட்டு ஒட்ட வேண்டும். எஞ்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து. இப்படிக் கட்டிய கார்களுக்கென்றே 750 மோட்டார் கிளப் தனிப் பந்தயம் நடத்துகிறது. 1939இல் பழைய ஆஸ்டின் செவன்களுக்காகத் தொடங்கிய கிளப் அது. சாப்மன் முதலில் கை வைத்ததும் ஆஸ்டின் செவன்தானே.

250 பவுண்டு கணக்கை நம்பி இறங்கியவர்கள் இன்று மனைவியிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். பழைய எஸ்கார்ட் இப்போது சேகரிப்பாளர்கள் துரத்தும் பொருளாகிவிட்டது, அதைப் பிரிப்பது பாவம். எங்கள் பெரியவர் பில்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்றேன். "கூட்டிப் பார்க்கலை" என்றார். கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "கூட்டினா அவளுக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

அவர் தன் செவனுக்கான சேசிஸைக் கம்பெனியில் பற்றவைத்ததாகவே வாங்கியிருந்தார். உள்ளே போக வேண்டியவை துருப்பிடித்த ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரிலிருந்து. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள், பனி உறையாமலிருக்க. அந்த உப்பு காரின் அடிவயிற்றைத் தின்றுவிடும். எஞ்ஜினும் கியர் பாக்ஸும் இன்னும் ஒரு லட்சம் மைல் ஓடும் நிலையில் இருக்க, உடம்பு மட்டும் உளுத்துப்போன எம்எக்ஸ்-5கள் மலிவாகக் கிடைக்கும். பின்சக்கரத்தைச் சுழற்றும் கார் என்பதால் செவனுக்குத் தோதும்கூட. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1989இல் மாஸ்டா அந்தக் காரைச் செய்தபோது மனதில் வைத்திருந்த மாதிரி 1960களின் லோட்டஸ் எலான். சாப்மனின் எலானைப் பார்த்து ஜப்பானில் பிறந்த கார், கடைசியில் சாப்மனின் செவனுக்குள் உயிராக வந்து சேர்கிறது. பேரனின் இதயத்தைத் தாத்தாவுக்கு வைத்த கதை.

அமுக்கு, பிடி, விடு

டிசம்பரில் பேரன் பிறந்தான். பெயரைப் பதிய 42 நாள் கெடு என்று மருமகன் சொன்னார். அதே வாரம் பக்கத்து ஷெட்டில் எஞ்ஜின் இறங்கியது.

எஞ்ஜினையும் கியர் பாக்ஸையும் ஒன்றாகப் பூட்டிக் கிரேனில் தொங்கவிட்டு, கியர் பாக்ஸின் வால் கீழே இருக்கும்படி சாய்த்து, அங்குலம் அங்குலமாகக் கூண்டுக்குள் இறக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. பெயிண்ட் உரியாமலிருக்கப் பைப்களுக்குப் பழைய ஸ்வெட்டர்களைச் சுற்றியிருந்தார். நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். "கொஞ்சம் உங்க பக்கம். இல்லை, அது என் பக்கம்." ஒன்றரை மணி நேரம். கடைசியில் மவுண்டிங் ஓட்டைக்குள் போல்ட்டு தானாக வழுக்கிக்கொண்டு போனபோது அவர் முகத்தில் வந்த களை, எங்கள் ஊர்த் தேர் நிலைக்கு வந்து சேரும்போது கட்டை போடுகிறவர் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். "ஏனுங்க, அந்தக் கையோட குழந்தையைத் தொடாதீங்க." இரண்டு தடவை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. எனக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று: கார் கட்டுவதில் பாதி நேரம் கார் கட்டுவதில் போவதில்லை. கழுவுவதில் போகிறது. துருவைச் சுரண்டுவதில், சரியான வாஷரைத் தேடுவதில், நேற்றுப் போட்டதை இன்று கழற்றுவதில் போகிறது. ஒயரிங் வேலைக்கு மட்டும் மூன்று வாரம். மாஸ்டாவின் ஒயர் கட்டைத் தரையில் விரித்துப்போட்டு, பவர் விண்டோ, ஏர்பேக், ரேடியோ என்று செவனில் இல்லாத ஒவ்வொன்றின் ஒயரையும் தேடிப்பிடித்து உருவி எடுத்தார். முருங்கைக்கீரை ஆய்கிற பொறுமை. ஒரு வாளி நிறைய ஒயர் வெளியே வந்தது.

ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் முறுக்கியதும், அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுவார். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். பிறகு கோடு விலகியிருந்தால் போல்ட்டு தளர்ந்திருக்கிறது. சிறு வயதில் நான் எங்கள் டிவிஎஸ் 50இன் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டியபோது இரண்டு வாஷர் மிஞ்சிப்போனதைச் சொன்னேன். வண்டி ஓடியதா என்று கேட்டார். ஓடியது என்றேன். "அப்ப அந்த ரெண்டும் தேவையில்லாதது" என்றார். தேவையில்லாததை விட்டு எடையைக் குறை என்கிற சாப்மன் கட்சிக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் பேசுவார்கள்.

எடை விஷயத்தில் அவர்கள் கட்சி சும்மா பேசுவதில்லை. கேட்டரமின் ஆகச் சின்ன மாடல், 170, சுமார் 440 கிலோ. அதில் இருப்பது சுசுகியின் 660 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்ஜின், 84 குதிரைத்திறன். நம் பழைய மாருதி 800ஐ ஓட்டியதும் சுசுகியின் மூன்று சிலிண்டர் எஞ்ஜின்தான். அம்பாசடரின் எடைக்கு இந்தக் காரை இரண்டு வைத்தாலும் மிச்சம் இருக்கும். அதே கூட்டில் 310 குதிரைகளைப் பூட்டிய 620ஆர் என்ற மாடலும் உண்டு. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 3 விநாடிக்குள் தொடும். எனக்கு அதில் ஆசையில்லை. ஏர்பேக் இல்லாத, கதவில்லாத, லாரிக்காரர் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் உட்கார வைக்கும் வண்டிக்கு 84 போதும் என்பது என் கட்சி.

ஜனவரியில் பிரேக்கில் ஏர் எடுத்தோம். நான் பெடலில், அவர் சக்கரத்தடியில். அமுக்கு என்றால் அமுக்க வேண்டும், பிடி என்றால் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகுதான் விட வேண்டும். கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்களில் சின்னப் பையன்களை சீட்டில் உட்கார வைத்து மேஸ்திரிகள் செய்கிற அதே வேலை. அறுபது வயதில் எனக்குக் கிடைத்தது. நாற்பது முறை அமுக்கிய பிறகு பெடல் கல்லாக நின்றது.

முதல் முறை எஞ்ஜின் உயிர் பெற்ற அன்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை, பிறகு ஓர் இருமல், பிறகு சீரான உறுமல். "இப்பக் கார் ஆயிடுச்சா?" என்றேன். தலையை ஆட்டினார். "இப்பதான் எஞ்ஜின் ஆகியிருக்கு."

குச்சியில் சொருகிய பந்து

கார் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள ஒரு பரீட்சை இருக்கிறது. ஐவிஏ என்பார்கள், தனி வாகன ஒப்புதல். ஆயிரக்கணக்கில் கார் செய்யும் கம்பெனி ஒரு மாதிரிக் காரைக் கொடுத்து மோதவிட்டுக் காட்டும். ஒரே ஒரு கார் கட்டியவரிடம் அப்படிக் கேட்க முடியுமா? எனவே அந்த ஒரே காரை அரசு சோதனையாளர் பல மணி நேரம் தொட்டுத் தடவிப் பார்ப்பார். தானே கட்டியதற்குச் சாட்சியாகப் படங்களும் பில்களும் காட்ட வேண்டும். பிஸ்கட் டின் அன்று வெளியே வந்தாக வேண்டும்.

உருளைமேல் ஓட்டி பிரேக் பார்ப்பார்கள். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. சைலன்சர் சத்தம் 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. இவையெல்லாம் சுலபம். பலரும் வழுக்கி விழுவது கூர்முனையில். நடந்து போகிறவர்மேல் கார் உரசினால் கிழிக்கக் கூடாது என்பதற்காக, வெளியே தொடக்கூடிய விளிம்புகள் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது மழுங்கியிருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தை உடம்பெங்கும் உருட்டிப் பார்ப்பார்கள், பந்து தொடுகிற இடமெல்லாம் கணக்கில் வரும். டேஷ்போர்டுக்குத் தலையளவில் இன்னொரு பந்து. செவனோ சக்கரத்தையும் சஸ்பென்ஷனையும் வெளியே காட்டிக்கொண்டு நிற்கிற வண்டி. அதனால் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் குல்லா, ஒவ்வொரு தகட்டு விளிம்புக்கும் ரப்பர் கரை. பரீட்சைக்கு முந்தின நாள் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால், கார் காதுகுத்துக்குப் போகிற குழந்தை மாதிரி நின்றது.

பதிவெண் இல்லாத காரை, முன்பதிவு செய்த சோதனைக்கு மட்டும், இன்சூரன்ஸோடு ரோட்டில் ஓட்டிப் போகலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. எனக்கு அதைக் கேட்டதும் நம் ஊர் நினைவு வந்தது. இங்கே ஒருவர் தனக்கென ஒரே ஒரு கார் கட்டி அதை ரோட்டில் ஓட்டிவிட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி மாதிரி வாகனத்தைப் புனே ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையங்களில் காட்டித் தேற வேண்டும். அது கம்பெனிகளுக்கு வகுத்த வழி. ஏற்கெனவே பதிவான வண்டியைக்கூட கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் சாலை நெரிசலையும் விபத்துகளையும் பார்த்தால் அந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டியவன் காட்டித் தேறுவதற்கு ஒரு வாசலாவது வைத்திருக்கலாம்.

வாசல் இல்லாததால் நம்மவர்கள் பந்தயத் தளத்துக்குள் போனார்கள். அங்கே பதிவெண் தேவையில்லை. கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்து கரிவரதன், மாருதி 800 எஞ்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். என் கல்லூரிக் காலத்தில், போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் பார்க்கப் பஸ் பிடித்துப் போவோம். எங்களை இழுத்தது வெளிநாட்டுக் கார்கள் அல்ல, கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலிருந்து வந்தவை. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் அவர் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இன்று இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களை ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் நகக்கண்ணிலும் அதே கருப்பு.

இடது காலில்

பிப்ரவரி கடைசி, பரீட்சை நாள். காலை ஏழு மணி, சைபர் டிகிரி. கூரை கிடையாது. ஹீட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மருமகனின் பனிக்கோட்டு, மனைவியின் கம்பளிச் சால்வை, குரங்குக் குல்லாவோடு நான் பயணி சீட்டில் இறங்கினேன். ஏறினேன் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தால் கையைத் தொங்கவிட்டு ரோட்டைத் தொட்டுவிடலாம். பக்கத்தில் வந்த லாரியின் சக்கரம் என் தலைக்கு நேராகச் சுற்றியது. குழிகள் எல்லாம் முதுகெலும்பு வழியாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தன. பெரியவர் பேசவே இல்லை. காதைத் தீட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருடமாகக் கையில் தொட்ட ஒவ்வொரு சாமானும் என்ன சொல்கிறது என்று கேட்டாரோ என்னவோ.

முதல் முறை தேறவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில், முழங்கால் படுகிற இடத்தில், ஒரு போல்ட்டின் வால் குல்லா இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அத்தனை குல்லா மாட்டியவர் அந்த ஒன்றை விட்டுவிட்டார். இன்னொரு குறை, வளைவில் கையை விட்டால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை. இலேசான கார்களின் பிறவிக் குணம் இது. முன்சக்கரத்தின்மேல் எடை இல்லையென்றால் அதை நேருக்குத் தள்ள ஆள் இல்லை. திரும்பி வந்து முன்சக்கர அலைன்மென்ட்டை மாற்றி, டயரில் காற்றைக் கூட்டி, இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை கை விட்டதும் ஸ்டியரிங் சமர்த்தாகத் திரும்பியது. சோதனையாளர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தேறிய பிறகு நட்டுக் குல்லாக்களைப் பலர் கழற்றிவிடுவதாகச் சொல்வார்கள். எங்கள் பெரியவர் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை.

இனி பதிவெண். முக்கியப் பாகங்கள் எங்கிருந்து வந்தன என்றே தெரியாத கார்களுக்கு 'க்யூ' என்ற எழுத்தில் தொடங்கும் எண் கொடுத்துவிடுவார்கள், ஊர் பேர் தெரியாதது என்ற முத்திரை மாதிரி. எஞ்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே பழைய காரிலிருந்து வந்தவை என்று காட்டினால் அந்தக் காரின் வயதுக்கேற்ற எண் கிடைக்கும். ஆகவே புத்தம்புதுக் காருக்கு 1990களின் பிறந்த தேதி வரப்போகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாளோடு ரிட்டயர் ஆன எனக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

இரண்டாம் முறை திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார். கார் உள்ளே போகுமுன் ஷெட்டின் கதவைச் சாத்தி, "இனிமே இது வெளியேதான் நிக்கணும்" என்றார். உள்ளே துணி உலர்த்தக் கொடி கட்டியாகிவிட்டது!

நான் இறங்கினேன். சைலன்சர் அந்தக் காரில் இடது பக்கம், உடம்புக்கு வெளியே, பயணி கால் வைக்கிற இடத்தை ஒட்டி ஓடுகிறது. காவலுக்கு ஓட்டை போட்ட தகடு ஒன்று உண்டு. தகடு முடிந்து நாலு விரல் தள்ளி என் கெண்டைக்கால் பட்டது. குளிரில் விறைத்திருந்ததால் சுட்டது உடனே தெரியவில்லை. பேன்ட் கருகிய வாசனைதான் முதலில் வந்தது. பிறகு சூடான தோசைக்கல்லில் கை பட்டால் வருமே, அந்த எரிச்சல்.

மனைவி ஓடி வந்து குழாய்த் தண்ணீரில் காலைப் பிடித்தாள். "பிரசவம் பார்க்க வந்து பாட்டன் சூடு வாங்கிட்டுப் போறாருன்னு ஊர்ல சொல்றேன் இருங்க" என்றாள். பெரியவர் பின்னாலேயே வந்து குனிந்து பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் அனுதாபம் இல்லை, ஏதோ பறிகொடுத்த மாதிரி ஒரு வாட்டம். செவன் வைத்திருக்கிறவர்கள் கெண்டைக்கால் தழும்பைப் பட்டமாகக் காட்டிக்கொள்வார்களாம். இவர் ஓட்டுகிற பக்கத்தில் சைலன்சர் கிடையாது.

"மூணு வருஷம் நான் கட்டினேன்" என்றார். "தழும்பு உங்களுக்கு."